ஒரு செம்புக் கடல்

நெடுங்கரைக்காடு காலஞ்சென்ற வைரக்கண்ணு அவர்களின் தலைமகனும், அவ்வூர் வடிகால் வாய்க்கு மூன்றாம் தலைமுறைக் காவலருமாகிய திருவாளர் உத்திராபதி அவர்களுக்கு, அவ்வாண்டு அகவை அறுபத்தாறு நிறைவுற்று அறுபத்தேழு நடந்துகொண்டிருந்தது.

அந்த வயதில் அவர் ஒரு கருவாட்டுக்காரியிடம் பாடம் கேட்கப் போனார்.

"நாப்பது வருஷமா வானத்தைப் பாக்குறேன்" என்றார். "ஒன்பது தினுசு மேகம் எனக்குத் தெரியும். வாடைக் காத்து தெரியும், கொண்டல் காத்து தெரியும். அப்படியும் போன புயல் என்னை ஏமாத்திட்டு. ஏன்?"

செம்பவளம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வானத்தை ஏன் பாத்தீங்க?"

"மழை அங்கேந்துதானே வருது?"

"விருந்தாளி வாசல் வழியாத்தான் வர்றாரு. அதுக்காக வாசல்லயே பொறந்தாரா ஐயா?"

உத்திராபதி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் வியர்வை இல்லை.

*

நெடுங்கரைக்காடு கடைமடை ஊர். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் அது. அதற்கப்பால் கடல்.

ஊருக்கு இருபத்திரண்டு வேலி நிலம்; முழுவதும் சம்பா நெல். வயல்களில் மிஞ்சிய நீர் ஒரே வடிகால் வழியாகக் கடலுக்குப் போகும். அந்த வடிகாலின் வாயை ஐப்பசியிலேயே களிமண்ணும் தென்னை மட்டையும் இட்டு அடைத்துவிடுவார்கள். அடைத்தால் நல்ல தண்ணீர் உள்ளே நிற்கும். உப்புத் தண்ணீர் வெளியே நிற்கும்.

பெருமழை வருமென்றால் முன்கூட்டியே வாயை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் பயிர் மூழ்கும்.

வராத மழைக்கு வெட்டிவிட்டாலோ, நல்ல தண்ணீர் ஓடிப்போகும். பௌர்ணமிக் கடல் பொங்கி அதே வாய் வழியே உள்ளே ஏறும். உப்பு ஏறிய பயிர் கருகும்.

மழைக்கும் உப்புக்கும் நடுவே நின்று, வெட்டு அல்லது வெட்டாதே என்று சொல்ல வேண்டியவர் உத்திராபதி. முதல் மண்வெட்டு அவர் வீட்டு மண்வெட்டியால், அவர் வீட்டுக் கையால்தான் விழ வேண்டும். வேறொரு கை வெட்டினால் கடல் ஊருக்குள் குடிவந்துவிடும் என்பது ஊராரின் உறுதியான நம்பிக்கை.

கார்த்திகை ஒன்பதாம் தேதி ஒரு புயல் வந்தது.

வானொலி எச்சரித்தது. முதல்நாள் வானமோ துடைத்த தாம்பாளம்போல் இருந்தது. உத்திராபதி வானத்தை நம்பினார். வெட்டவில்லை.

ஒன்பது வேலி மூழ்கிற்று. மூழ்கிய பிறகு வெட்டினார். வெள்ளம் வடிந்தபின் வாயை மறுபடி அடைக்க, ஊரே நான்கு நாள் இடுப்பளவு சேற்றில் நின்றது. அந்த நான்கு நாளும் அவரோடு ஒருவரும் பேசவில்லை.

பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, வானொலி மீண்டும் வாயைத் திறந்தது. அதே தென்கிழக்கிலிருந்து, அதே வழியாக, மற்றொன்று வருகிறதாம். வெள்ளிக்கிழமை மாலை கரையைத் தொடுமாம்.

மிஞ்சியிருப்பது பதிமூன்று வேலி.

செம்பவளத்தைத் தேடி அவர் வந்ததற்குக் காரணம் உண்டு. நாற்பத்து மூன்று வயதான அந்தப் பெண்மணி, ஆற்றுவாய்க் குப்பத்தில் மீனை உப்பிட்டுக் காயவைத்து விற்பவள். பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் கருவாடு ஒரு கூடைகூட மழையில் நனைந்ததில்லை. அவள் களத்துப் பாய்களில் மீன் விரிந்திருந்தால் மழையில்லை, பாய்களைச் சுருட்டியிருந்தால் மழை. குப்பத்துப் பெண்கள் துணி உலர்த்துவதே அந்தக் களத்தைப் பார்த்துத்தான்.

போன புயலுக்கு முதல்நாள், வெயில் சுள்ளென்று காய்ந்த வேளையில், அவள் மீனைச் சுருட்டி உள்ளே கொண்டுபோவதை உத்திராபதி தம் கண்ணால் பார்த்தார்.

பார்த்துச் சிரித்தார்.

*

"இப்ப ரெண்டாவது வருதுங்குறான்" என்றார். "வாயை வெட்டவா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லிடும்மா. நான் போயிடுறேன்."

செம்பவளம் அவர் முன் இரண்டு சட்டிகளை நகர்த்தி வைத்தாள். ஒன்றில் அப்போதுதான் இறக்கிய கஞ்சி. மற்றதில் நேற்றைய சோறு, நீரோடு.

"எதுலேந்து ஆவி கிளம்புது?"

"சூட்டுக் கஞ்சியிலேந்து."

"பழஞ்சோத்துலேந்து?"

"அதுலேந்து எப்படிக் கிளம்பும்?"

"சரி. போயிட்டு வாங்க."

"பதில்?"

"நாளைக்கு வர்றப்ப ஒரு செம்பு கடல் கொண்டாங்க."

அவர் எழுந்தார். இரண்டடி வைத்தார். திரும்பி இரண்டு சட்டிகளையும் பார்த்தார். ஒன்றில் ஆவி ஆடிக்கொண்டிருந்தது. மற்றது சும்மா இருந்தது.

வீட்டில் மனைவி சொர்ணாம்பாள் கேட்டாள்: "என்ன சொன்னா?"

"பழஞ்சோத்தைக் காட்டினா."

"பசியோட வந்திருக்காருன்னு நெனச்சிருப்பா."

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. உத்திராபதி பூசையறையில் இருந்த பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கினார். தம் வடிகால் வாய்க்கு நேரே கடலில் இறங்கி ஒரு செம்பு மொண்டார். அதைத் தளும்பாமல் ஏந்திக்கொண்டு, சுடுமணலில் அரைக் கல் தொலைவு நடந்து குப்பத்துக்கு வந்தார்.

களத்தில் கருவாடு விரிந்திருந்தது.

செம்பவளம் சுண்டுவிரலைச் செம்புக்குள் விட்டாள்.

"இது யாரு சூடு?"

"கடலோட சூடு."

"இல்ல. உங்க செம்போட சூடு."

நீரை மணலில் கொட்டிவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

உத்திராபதி யோசித்தார். பிழை உலோகத்தில் இருக்கிறது என்று கண்டார். வீட்டுக்குப் போய் ஒரு மண்பானையை எடுத்து, ஈரத்துணி சுற்றி, மீண்டும் மொண்டு, மீண்டும் நடந்தார்.

சுண்டுவிரல் உள்ளே போயிற்று.

"இது யாரு குளிர்?"

"கடலோட..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"பானையோட குளிர்" என்றாள் அவளே. கொட்டினாள்.

அன்று பிற்பகல் அவர் செம்பவளத்தின் தம்பி நல்லதம்பியைக் கரையில் பிடித்தார். அவன் பைபர் படகு வைத்திருப்பவன். அப்போது கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். "தம்பி, நடுக்கடல்ல மொண்டு ஒரு கேன் எடுத்துட்டு வா. கரைத் தண்ணி சரிப்படலை" என்றார்.

அந்தி சாயும் நேரத்தில் கேன் வந்தது. நல்லதம்பியும் கூடவே வந்தான். செம்பவளம் விரலை விட்டாள். விரலை வெடுக்கென்று எடுத்தாள்.

"எங்கடா வச்சிருந்த?"

"ஐஸ் பெட்டியிலக்கா. ஐயா கேட்ட பொருளாச்சே, கெட்டுப் போகக்கூடாதுன்னு."

"கடல் கெட்டுப் போகுமாடா!"

நல்லதம்பி தலையைச் சொறிந்தான். செம்பவளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உத்திராபதி சிரிக்கவில்லை.

"கடலைக் கொண்டாரச் சொன்னேன்" என்றாள். "நீங்க செம்பைக் கொண்டாந்தீங்க, பானையைக் கொண்டாந்தீங்க, ஐஸைக் கொண்டாந்தீங்க."

"வேற எதுலதாம்மா கொண்டாறது?"

அவள் அவருடைய வலக்கையைப் பிடித்தாள். உள்ளங்கை மேலாகத் திருப்பினாள். சற்று நேரம் பார்த்தாள். விட்டுவிட்டாள்.

"கையிலயா? கையில எப்படித் தண்ணி நிக்கும்?"

"நிக்காது."

அவ்வளவுதான். அவள் கருவாட்டை மூட எழுந்து போனாள்.

*

புதன்கிழமை விடிந்தது. வியாழனிலிருந்து ஒருவரும் கடலுக்குப் போகக்கூடாதென்று உத்தரவு வந்திருந்தது. அதற்கு முந்தைய கடைசிப் படகில் உத்திராபதி ஏறினார்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அறுபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்த மனிதர், அன்றுதான் முதன்முதலாகக் கடலின் மேல் இருந்தார். கரை மறைவதற்குள் வயிறு புரண்டது. படகின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காலைப் பலகாரம் முழுவதையும் ஒப்படைத்தார்.

"ஐயா, மீனுக்கு இட்லி ஒத்துக்காது" என்றான் நல்லதம்பி.

"பேசாம ஓட்டுடா."

வெகுதூரம் போனபின் எஞ்சின் நின்றது. படகு ஆடிற்று. நாற்புறமும் நீர். ஒன்பது தினுசு மேகத்தில் ஒன்றுகூட வானத்தில் இல்லை. வெயில் நெற்றியைச் சுட்டது.

உத்திராபதி கையைக் கடலில் விட்டார்.

மணிக்கட்டு வரை. பிறகு முழங்கை வரை.

"ஜில்லுன்னு இருக்குடா."

"ஆமாய்யா. போன புயலுக்கு முந்தி இதே எடத்துல கையை விட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்டுற வெந்நி மாதிரி இருந்துச்சு."

"இந்த வெயில்ல குளிருதே. ஏன்?"

"எனக்கு எங்க மீன் இருக்குன்னு தெரியும். ஏன்னெல்லாம் அக்காவைக் கேளுங்க."

அவர் கையை எடுக்கவில்லை. படகு திரும்பும்போதும் நெடுந்தூரம் அது நீரிலேயே இழுபட்டு வந்தது. கரை நெருங்க நெருங்க, நீர் கொஞ்சம் கொஞ்சமாக இளஞ்சூடாயிற்று. வடிகால் வாயில் அவர் மொண்டது அந்த இளஞ்சூட்டைத்தான் என்று அப்போது தெரிந்தது.

*

"என்ன கொண்டாந்தீங்க?" என்று கேட்டாள் செம்பவளம்.

அவர் வெறுங்கையைக் காட்டினார்.

"குளிர்."

"யாரு குளிர்?"

"கடலோட குளிர்."

முதன்முறையாக அவள் எதையும் கொட்டவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு மணையை எடுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

"மார்கழி இன்னும் பொறக்கல" என்றார். "ஏழெட்டு நாளா நல்ல வெயில். கடல் எப்படிக் குளிரும்? அதுவும் போன புயலுக்கு முந்தி வெந்நியா இருந்ததாம். வெந்நி எங்க போச்சு? இந்தக் குளிர் எங்கேந்து வந்துச்சு?"

"உங்க ஊருல குளம் இருக்குல்ல?"

"இருக்கு."

"மத்தியானத்துல கழுத்தளவு தண்ணியில போயி நில்லுங்க."

"எவ்வளவு நேரம்?"

"புரியற வரைக்கும்."

"புரியலேன்னா?"

"சளி பிடிக்கும்."

*

பிற்பகல் இரண்டரை மணிக்கு உத்திராபதி குளத்தில் நின்றார். ஊர் பார்க்கக்கூடாதென்று அல்லி மண்டிய மூலையாகத் தேர்ந்துகொண்டார்.

கழுத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கால்விரல்களில் சில்லென்று இருந்தது. ஆறு வயதிலிருந்து அவர் அறிந்த செய்திதான் அது. மேலே சூடு, அடியில் குளிர். எந்தக் குளத்திலும் மத்தியானத்தில் அப்படித்தான்.

இதில் புரிய என்ன இருக்கிறது?

அரைமணி நேரம் நின்றார். ஒன்றும் புரியவில்லை. உள்ளங்கைத் தோல் சுருங்கிற்று.

கரையில் எருமைகளின் சத்தம் கேட்டது. ஒன்பது வேலி மூழ்கியதே, அதில் மூன்று வேலிக்குச் சொந்தக்காரன் கலியமூர்த்தி. தன் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தான். அல்லி இலைகளுக்கிடையே ஒரு தலை தெரிவதைக் கண்டான்.

"யாரது? மாமாவா!"

உத்திராபதி மூழ்கிவிடலாமா என்று எண்ணினார்.

"ஊர் முழுகுனது போதாதுன்னு இப்ப தனியா முழுகிப் பாக்குறீங்களா?"

"போடா. வேலையைப் பாரு."

"நான் என்ன வேலையைப் பாக்குறது? என் வேலை தண்ணிக்குள்ள கிடந்து அழுகுது. இந்தத் தடவையாவது வெட்டுவீங்களா, இல்ல வானம் தொடச்சு விட்டாப்புல இருக்குன்னு சொல்லுவீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஐந்து எருமைகளும் தடதடவென்று இறங்கின. உழப்பின. புரண்டன. தலையை ஆட்டின. குளம் நிறம் மாறிற்று. அடிச்சேறு அவர் மார்பளவுக்கு எழும்பிற்று.

"எருமையை ஓட்டுடா அந்தண்டை! தண்ணியெல்லாம்..."

நிறுத்தினார்.

கழுத்து குளிர்ந்தது.

"சரி சரி, ஓட்டுறேன். கத்தாதீங்க."

"இரு. ஓட்டாத."

"என்ன?"

"ஓட்டாதடா. அப்படியே இருக்கட்டும்."

அவர் கையைத் தூக்கி நீரின் மேற்பரப்பில் மெல்லப் பரப்பினார். வெதுவெதுப்பு இல்லை. காலடியில் இருந்தது கழுத்துக்கு வந்துவிட்டது. கழுத்தில் இருந்தது எங்கே போயிற்றோ தெரியவில்லை. வெயில் அப்படியே காய்ந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு பெரிய எருமை கடலில் இறங்கி, உழப்பி, கரையேறிப் போயிருக்கிறது. ஒன்பதாம் தேதி போயிருக்கிறது. அடியில் கிடந்த குளிரெல்லாம் மேலே வந்துவிட்டது. இப்போது அதே வழியாக இன்னொன்று வருகிறது. வரும் புயலின் முன்னால் வைத்திருப்பது சூட்டுக் கஞ்சியன்று. பழஞ்சோறு.

பழஞ்சோற்றிலிருந்து ஆவி எப்படிக் கிளம்பும்? ஆவி இல்லாமல் புயல் எதைத் தின்று வளரும்?

"மாமா" என்றான் கலியமூர்த்தி, சற்றே கவலையாக. "ஏறி வாங்க. மூஞ்சி சரியில்ல."

*

அன்று மாலை சொர்ணாம்பாள் சொன்னாள்: "நாளன்னைக்குக் கார்த்திகை தீபம். அகல் வாங்கணும். போன வருஷத்து அகல் எல்லாம் வெள்ளத்துல போயிட்டு."

"வாயை வெட்டுறதா வேணாமான்னு உயிர் போகுது. அகலாம் அகல்!"

"உயிர் போகட்டும். அகல் வாங்கணும்."

அவர் காதில் அது விழுந்தது. மனத்தில் விழவில்லை. வெட்ட வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். நாற்பது ஆண்டுகளில் இவ்வளவு தெளிவாக எதையும் அவர் முடிவு செய்ததில்லை. எட்டு நாளாக வராத உறக்கம் அன்று வந்தது.

*

வியாழக்கிழமை காலை, வெளியே சென்றவர் கிழக்கே பார்த்தார். கடலோரமாய்க் குப்பம் தெரிந்தது.

செம்பவளத்தின் களம் வெறுமையாக இருந்தது.

ஒரு மீன் இல்லை. பாய்கள் சுருட்டப்பட்டிருந்தன. வெயில் சுள்ளென்று காய்ந்தது. எட்டாம் தேதி காய்ந்ததே, அதே வெயில்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குப்பத்துக்கு விரைந்தார். கதவு சாத்தியிருந்தது.

"அக்கா சந்தைக்குப் போயிட்டு" என்றான் நல்லதம்பி. "ராத்திரிக்குத்தான் வரும்."

"கருவாட்டை ஏன் சுருட்டினா? மழை வருமாமா?"

"எனக்குத் தெரியாதுங்களே. நான் வலை தைச்சிட்டு இருந்தேன்."

உத்திராபதி வெறுங்களத்தில் நின்றார்.

கை ஒன்று சொன்னது. களம் வேறொன்று சொன்னது. கைக்குப் பாடம் சொன்னவளே களத்துக்கும் உரியவள். நேற்று அவள் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் புரிந்துகொண்டார் என்று எண்ணியிருந்தார். ஒருவேளை தலைகீழாகப் புரிந்துகொண்டாரோ? குளிர்ந்த கடல் என்றால் பெருமழை என்று பொருளோ? எருமை எதைக் குறித்தது? பழஞ்சோறு எதைக் குறித்தது? ஒருவேளை அவர் பசியோடுதான் வந்திருக்கிறார் என்று நினைத்தாளோ?

தலை சுற்றிற்று. படகில் சுற்றியதைவிட அதிகமாகச் சுற்றிற்று.

*

ஊர் திரும்பியபோது வடிகால் வாயில் ஐம்பது பேர் நின்றார்கள். களம் வெறுமையானது அவர்கள் கண்ணிலும் பட்டிருந்தது.

கலியமூர்த்தி, உத்திராபதி வீட்டு மண்வெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தான். இரு கைகளாலும் ஏந்தி நீட்டினான்.

"மாமா. முதல் வெட்டு போடுங்க."

"வேணாம்டா."

"செம்பவளமே சுருட்டிட்டா. இனிமே என்ன?"

"பாத்தேன்."

"போன தடவையும் பாத்தீங்க. பாத்துட்டுச் சிரிச்சீங்க."

உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா. சிரிச்சேன்" என்றார்.

"அப்ப இந்தத் தடவை புயல் வராதுன்னு உறுதியாச் சொல்லுங்க. சொல்லுங்க, போயிடுறோம்."

"உறுதி எனக்கு இல்ல."

"பின்ன?"

"கடல்ல சூடு இல்லடா. கையை விட்டுப் பாத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். வேறொருவர், "பெரியவருக்குப் புத்தி பிசகிட்டு. நேத்து எருமையோட குளத்துல நின்னாராம்" என்றார்.

"மாமா" என்றான் கலியமூர்த்தி. குரல் இறங்கியிருந்தது. "என் பயிர் போயிட்டு. எனக்கு இனிமே போறதுக்கு ஒண்ணுமில்ல. இவங்களுக்கு இருக்கு. வெட்டுங்க."

உத்திராபதி மண்வெட்டியை வாங்கினார்.

கரையில் ஏறினார். அடைப்பின் நடுவில், முதல் வெட்டு விழ வேண்டிய இடத்தில் நின்றார். ஒருபுறம் நல்ல தண்ணீர், நெற்பயிரின் நிழலோடு. மறுபுறம் உப்புத் தண்ணீர், பௌர்ணமி நெருங்க நெருங்க மேலேறிக்கொண்டிருந்தது.

மண்வெட்டியைக் கீழே போட்டார்.

அதன் மேல் உட்கார்ந்தார்.

*

வியாழன் முழுவதும் உட்கார்ந்திருந்தார். வசவுகள் வந்தன; வாங்கிக்கொண்டார். சொர்ணாம்பாள் சோறு கொண்டுவந்தாள், அதையும் வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மேகம் கட்டிற்று. ஒன்பது தினுசில் எது என்று அவர் பார்க்கவில்லை. பிற்பகலில் காற்று எழுந்தது. தென்னைகள் ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடின. கூட்டம் மறுபடி கூடிற்று. கலியமூர்த்தி சற்றுத் தள்ளி உட்கார்ந்தான்.

அடிக்கடி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அது ஈரமாக இருப்பதுபோலவே தோன்றிற்று.

அந்தியில் சொர்ணாம்பாள் ஓர் அகலை முந்தானையில் மறைத்து எடுத்துவந்தாள். அவர் காலடியில் வைத்து ஏற்றினாள். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினாள். அணைந்தது.

"எதுக்குடி இது?"

"வருஷத்துல ஒரு நாள். நீங்க உக்காந்திருக்குற எடம்தானே இப்ப வீடு."

மூன்றாம் முறை ஏற்றியபோது காற்று சற்றே இளைத்திருந்தது. விளக்கு ஆடிக்கொண்டே எரிந்தது.

*

சனிக்கிழமை காலை வானொலி பேசிற்று. தென்கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த புயல், வரும் வழியிலேயே நடுக்கடலில் வலுவிழந்துவிட்டதாம். ஆங்காங்கே தூறல் இருக்குமாம்.

தூறிற்று. துணிகூட நனையாத தூறல். கால்மணி நேரத்தில் அதுவும் ஓய்ந்து வெயில் வந்தது.

பதிமூன்று வேலிப் பயிர், வயிறு நிறைய நல்ல தண்ணீரோடு நின்றது. அடைப்புக்கு வெளியே பௌர்ணமிக் கடல் பொங்கி, கரைக்கு ஒரு சாண் கீழே வந்து முட்டிக்கொண்டு நின்றது. வெட்டியிருந்தால் அது அப்போது எங்கே நின்றிருக்கும் என்பதை ஐம்பது பேரும் பார்த்தார்கள்.

கலியமூர்த்தி வந்து கை நீட்டினான். உத்திராபதி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால்கள் கடகடவென்று ஒலித்தன.

"மாமா, வெட்ட வேணாம்னு யாரு சொன்னது? அந்தச் செம்பவளமா?"

"இல்லடா."

"பின்ன யாரு?"

உத்திராபதி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு குப்பத்தை நோக்கி நடந்தார்.

செம்பவளம் களத்தில் பாய்களை விரித்து, மீனைப் பரப்பிக்கொண்டிருந்தாள். அவர் வந்து நின்ற நிழல் மீனின் மேல் விழுந்தது.

"நிழல்ல காயாது ஐயா. தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்.

"பயிர் தப்பிச்சிட்டு" என்றார்.

"கேள்விப்பட்டேன்."

"கடல்ல ஆவி இல்ல. அதான் அது செத்துப்போச்சு. சரிதானா?"

"கையை விட்டது நீங்க. என்னைக் கேட்டா?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார்.

"உனக்கும் அது தெரியும். தெரிஞ்சுதானே என்னைக் குளத்துல நிறுத்தின? பின்ன ஏன்மா வியாழக்கிழமை கருவாட்டைச் சுருட்டின? ஊரே அதைப் பாத்துட்டு மண்வெட்டியைத் தூக்கிட்டு வந்துட்டு. நானே பாதி நம்பிட்டேன். உன் களத்தைப் பாத்து ஒரே ஒரு வெட்டு போட்டிருந்தேன்னா, பதிமூணு வேலியும் இந்நேரம் உப்பு. ஏன் சுருட்டின?"

செம்பவளம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மெய்யாகவே அவளுக்குப் புரியவில்லை.

அவள் கால்மாட்டில் ஒரு கூடை இருந்தது. அதில் எண்ணெய் படிந்து, திரி கருகிய அகல்கள் குவிந்திருந்தன.

"கார்த்திகை தீபமாச்சே ஐயா" என்றாள். "களத்தை மெழுகி விளக்கு வைக்க வேணாமா?"

அன்று கார்த்திகை மாதம் இருபதாம் தேதி, சனிக்கிழமை, முற்பகல்.